பழைய அம்பாசடர் கார் திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் மிஸ் அடிக்கிறது (சிலிண்டர் இடையிடையே எரியாமல் விடுகிறது). பிளக் மாற்றியாச்சு, கார்புரேட்டரும் கழுவியாச்சு. அடுத்து எதைப் பார்ப்பது?

நீங்கள் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: மார்க் 2 வண்டி, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். சத்தியமங்கலம் வரைக்கும் சுத்தமாக ஓடுகிறது. பண்ணாரி தாண்டி ஏற்றம் பிடித்து ஆக்சிலேட்டரை மிதித்தால் மிஸ்ஸிங். ஐட்லிங்கிலும் லேசான துடிப்பு.

ஏற்றத்தில் மட்டும் வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மிதித்து இழுக்கும்போது சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நிறையப் போகும், அமுக்கம் ஏறும். அந்த அமுக்கத்தில் பிளக் இடைவெளியை ஸ்பார்க் தாண்ட கூடுதல் வோல்டேஜ் வேண்டும். சமதரையில் சமாளித்த நோஞ்சான் கரண்ட் 27 கொண்டை ஊசி வளைவில் கை விரித்துவிடும். அதனால் கார்புரேட்டரை இப்போதைக்குத் தொடாதீர்கள். சரியாக இருந்த ஜெட்டையும் திருகி வைத்துவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

பெட்ரோல் பக்கமா, கரண்ட் பக்கமா என்று மலையிலேயே பிரிக்கலாம். மிஸ் அடிக்கும் நேரத்தில் சோக்கை (கலவையில் பெட்ரோலைக் கூட்டும் பிடி) பாதி இழுங்கள். வண்டி தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. மாற்றமே இல்லை, அல்லது இன்னும் மோசம் என்றால் கரண்ட். பெட்ரோல் பஞ்சம் மெதுவாக மூச்சு முட்டுகிற மாதிரி வரும். கரண்ட் மிஸ் பளிச்சென்று வெட்டும்.

வீட்டுக்கு வந்ததும் எந்த சிலிண்டர் என்று கண்டுபிடியுங்கள். எஞ்சின் சூடான பின் ஐட்லிங்கை 1000 ஆர்.பி.எம். அளவுக்கு ஏற்றி, பிளக் லீடுகளை, அதாவது பிளக்குக்கு வரும் தடித்த வயர்களை, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ரப்பர் பிடி போட்ட பிளையர் வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையைத் தொடவே கூடாது. கழற்றிய லீடை அந்தரத்தில் விடாமல், ஒரு பழைய பிளக்கைச் செருகி பிளாக்கில் படும்படி வையுங்கள். போக வழியில்லாத கரண்ட், ஸ்பார்க்குக்கு வோல்டேஜை ஏற்றித் தரும் காயிலையும், அதை ஒவ்வொரு லீடுக்கும் சுழன்று கொடுக்கும் ரோட்டாரையும் பொத்துக்கொண்டு போகும். எந்த லீடைக் கழற்றினால் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

ஒரே ஒரு சிலிண்டர் என்றால் பிளக்கைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள், பிறகு லீடை. மிஸ் கூடவே இடம் மாறினால் ஆள் சிக்கியாச்சு. புது பிளக் என்பதற்காக அதை நல்லவன் என்று விட்டுவிட வேண்டாம், இடைவெளி 25 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; அதாவது 0.63 மி.மீ.) இருக்கிறதா என்று ஃபீலர் கேஜில் அளந்துவிடுங்கள்.

1, 2 சேர்ந்தோ 3, 4 சேர்ந்தோ மிஸ் என்றால், கலவையைக் கொண்டுவரும் மேனிஃபோல்டு குழாய்க்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங்கில் லீக். இந்த எஞ்சினின் ஹெட்டில் இன்லெட் போர்ட் இரண்டே இரண்டு, ஜோடிக்கு ஒன்று. பேக்கிங் ஓரத்தில் தண்ணீர் ஸ்பிரே அடித்தால், லீக் இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். பெட்ரோல், கிளீனர் எதுவும் அடிக்க வேண்டாம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அதே பக்கம் கொதித்துக்கொண்டு நிற்கிறது. 2, 3 என்று நடு ஜோடி போனால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

குறிப்பாக எந்த சிலிண்டரும் இல்லாமல் மாறி மாறி மிஸ் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது நான்கு பிளக்குக்கும் ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் பாகம். உங்கள் வண்டியில் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்பீர்கள், இதில் நேரம் செலவழிக்கலாம்.

முதலில் பாயிண்ட், அதாவது திறந்து மூடி காயிலின் கரண்டை வெட்டும் சுவிட்ச். கேமின் உச்சியில் நிற்கும்போது இடைவெளி 15 தவ். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடுமாக இருந்தால் பாயிண்டை மாற்றுங்கள், கூடவே, பாயிண்டில் பொறி பறக்காமல் காக்கும் கன்டென்சரையும் சந்தேகப்படுங்கள். கன்டென்சர் சுமார் 0.2 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். மீட்டரில் சரியாகக் காட்டிவிட்டு சூட்டில் போகிறவையும் உண்டு. அதனால் வேறு ஒரு நல்ல கன்டென்சரை வெளியிலேயே வயர் வைத்துப் பாயிண்டோடு இணைத்து ஓட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. பாயிண்ட் இடைவெளியை மாற்றினால் டைமிங்கும் (ஸ்பார்க் வரும் நேரம்) நகரும்: இடைவெளி கூடினால் அட்வான்ஸ், ஸ்பார்க் முந்தி வரும். ஆகவே பாயிண்ட் முதலில், டைமிங் அப்புறம்.

அடுத்து ஸ்பிண்டில், டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத் தண்டு. ரோட்டாரைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு விதமான இடைவெளி வரும், நீங்கள் எத்தனை முறை அளந்து வைத்தாலும் நிற்காது. கோயமுத்தூரில் லேத்துக்குப் பஞ்சமில்லை, கணபதியிலோ பீளமேட்டிலோ கொடுத்தால் புஷ் கடைந்து தருவார்கள். எண்ணெய் குடிக்கிற சின்டர்டு புஷ் கிடைத்தால் அதுவே மேல். போடும் முன் 24 மணி நேரம் எஞ்சின் ஆயிலில் ஊற வையுங்கள்.

பலர் தவற விடுவது பேஸ் பிளேட்டின் (பாயிண்ட் உட்காரும் தட்டு) எர்த் வயரை. மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே இழை அறுந்திருக்கும். எஞ்சினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னே தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் பிளேட்டைத் திருப்பும்போதெல்லாம் தொட்டும் தொடாமலும் விளையாடும். பாதி ஆக்சிலேட்டரில் மிஸ் வந்து முழுக்க மிதித்தால் போய்விடுகிறதென்றால் இந்த வயரையும், பாயிண்டுக்கு வரும் சின்ன வயரையும் முதலில் மாற்றுங்கள்.

ரோட்டாருக்கு ஒரு எளிய சோதனை உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இக்னிஷனை ஆன் செய்து, காயிலிலிருந்து வரும் நடு லீடை ரோட்டாரின் பித்தளைக்கு மேல் 3, 4 மி.மீ. தள்ளிப் பிடித்து, பாயிண்டை ஸ்குரூ டிரைவரால் தட்டித் திறங்கள். ஸ்பார்க் தொடர்ந்து குதித்தால் ரோட்டார் உள்ளே ஓட்டையாகி ஸ்பிண்டிலுக்குக் கரண்ட் கசிகிறது. இப்போது வரும் ரிவெட் அடித்த ரோட்டார்களில் இது சகஜம். உக்கடத்தில் பழைய அசல் ரோட்டார் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். மூடியின் உள்பக்கம் பென்சில் கோடு போலக் கருப்பு இழை ஓடினால் மூடி காலி. நடுவில் இருக்கும் கார்பன், ஸ்பிரிங்கோடு எழும்ப வேண்டும்.

காயிலின் பிரைமரி சுருள், பேலஸ்ட் (காயிலுக்கு முன்னால் வைக்கும் ரெசிஸ்டர்) இல்லாத 12 வோல்ட் வண்டியில் 3 ஓம் சுமார் காட்டும். பாசிட்டிவ் எர்த்திலிருந்து (பேட்டரியின் பிளஸ் முனை பாடியில் இணைந்தது) நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டியா என்று விசாரியுங்கள். மாற்றியவர் காயில் வயர்களைத் திருப்பாமல் விட்டிருந்தால் பிளக்கில் ஸ்பார்க் தலைகீழாகப் பாய்ந்து கூடுதல் வோல்டேஜ் கேட்கும். தரையில் ஒன்றும் தெரியாது, மலையில் தெரியும். நெகட்டிவ் எர்த் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டியது காயிலின் மைனஸ் முனை.

ஐட்லிங் துடிப்பு தனிக் கதையாகவும் இருக்கலாம். சைலன்சர் முனையில் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். சீராகத் தள்ளாமல் இடையிடையே உள்ளே இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். டேப்பெட் (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி) 15 தவ். சூட்டிலா குளிரிலா என்பதற்கு வண்டியின் மேனுவலைப் பாருங்கள். 8ஆம் வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது 1ஆம் வால்வை வையுங்கள், 7க்கு 2, கூட்டினால் எப்போதும் 9. இந்தியாவில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுவிட்டது. இந்த ஹெட்டில் வால்வு உட்காரும் சீட் வார்ப்பிரும்பிலேயே வெட்டியது. ஈயத்தின் பாதுகாப்பு இல்லாமல் அது உள்வாங்கும், உள்வாங்க உள்வாங்க டேப்பெட் இடைவெளி குறையும், கடைசியில் வால்வு மூடாமல் எரியும். வைத்த டேப்பெட் திரும்பத் திரும்ப இறுகினால் கெட்டியான சீட் வளையம் போட வேண்டியதுதான். கம்ப்ரஷன் பார்க்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துச் சுற்றுங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட 15 சதவீதத்துக்கு மேல் இறங்கினால், அதில் இரண்டு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

சோக் சோதனையில் வண்டி தெளிந்தது என்றால் மட்டும் பெட்ரோல் பக்கம் வாருங்கள். மிஸ் வரும்போது டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய் வண்டி சரியானால் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயஃப்ரமையும் ஊற வைத்துக் கெடுக்கும், டேங்கின் பழைய கசடையும் கிளப்பிவிடும். ஹோஸை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். சித்திரை வெயிலில் மட்டும் வருகிறதென்றால் பெட்ரோல் லைன் எக்ஸாஸ்டை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள்.

மறுபடி மலையேறும்போது டிக்கியில் ஒரு செட் பாயிண்ட், கன்டென்சர், ரோட்டார் வையுங்கள். மூன்றையும் ஒரு வாரம் வண்டியில் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு உதிரியாக எடுத்து வையுங்கள். கடையிலிருந்து வந்த பாக்கெட்டை அப்படியே நம்பி திம்பத்தில் பிரிக்க வேண்டாம்.