ஏரியைப் பார்த்து நிற்பவர்

கேள்வி: சுவிட்சர்லாந்து போய்வந்த என் மகள், மோந்த்ரோ ஏரிக்கரையில் ராக் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் சிலை முன்னால் எடுத்த படத்தைக் காட்டினாள். அவர் அந்த ஊர்க்காரரும் இல்லை. எய்ட்ஸில் இறந்தவர் வேறு. இவருக்கெல்லாமா சிலை?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆமாம், அவருக்குத்தான். அந்த ஊரில்தான்.

அவர் 1946-ல் சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். படித்தது நம் மகாராஷ்டிரத்துப் பாஞ்ச்கனியில், விடுதிப் பள்ளியில். மோந்த்ரோ அவர் உழைத்த ஊர். அங்கே கேசினோ கட்டடத்தில் இருந்த மவுண்டன் ஸ்டுடியோவை அவருடைய குவீன் குழு 1979-ல் விலைக்கே வாங்கியது. 1991 மே மாதம், நிற்கவே தெம்பில்லாத உடம்போடு அங்கே மைக் முன்னால் போய் நின்றார். எழுதிக் கொடுங்கள், முடிந்தவரை பாடிவைக்கிறேன், மீதியைப் பிறகு நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நண்பர்களிடம் அவர் கேட்டது. ‘மதர் லவ்’ பாட்டின் கடைசிச் சரணம் பாக்கி நின்றது. அதைப் பாட அவர் திரும்பி வரவே இல்லை. கிட்டார் கலைஞர் பிரையன் மே பாடி முடித்தார். அந்த நவம்பர் 24-ம் தேதி ஃப்ரெடி லண்டனில் காலமானார். வயது 45.

மகளின் படத்தை இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள். வலது முஷ்டி வானத்தைப் பார்த்து உயர்ந்திருக்கும். இடது கையில் அடிப்பாகம் இல்லாத அரை மைக் கம்பி, மேடையில் அவர் வழக்கமாகப் பிடிப்பது. செக் நாட்டில் பிறந்த இரேனா செட்லெட்ஸ்கா வடித்த, சுமார் மூன்று மீட்டர் உயர வெண்கலம். 1995-ல் அந்தக் கடைசிப் பாடல்களோடு வந்த ஆல்பத்தின் அட்டையிலும் இதே உருவம்தான்.

நோயைச் சொல்லி ஒருவரைத் தாழ்த்துவது எனக்குத் துளியும் சம்மதமில்லை. காசநோயில் போனவரை நாம் அப்படிப் பேசுகிறோமா? எய்ட்ஸ் நோயாளிகளைப் பிழைக்கவைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை பரவலானதே 1996-ல்தான். அவருக்கு அது ஐந்து வருடம் தாமதம்.

அதே 1996 நவம்பர் 25-ல் சிலையைத் திறந்தார்கள். திறந்துவைத்தவர்கள் இருவர். ஒருவர் அவரோடு சேர்ந்து பாடிய ஸ்பெயின் ஓபரா பாடகி மொன்செராத் கபாயே. இன்னொருவர், ஃப்ரெடியைப் பெற்ற அப்பா.