வேலையை விடவும் முடியவில்லை, ரசிக்கவும் முடியவில்லை. என்ன செய்வது?

கேள்வி: 14 வருடமாக ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்தில் மருத்துவ கிளைம் பிரிவில் இருக்கிறேன். ஒரு நாளைக்கு 40 ஃபைல் வரும். பில், டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டர் சீட்டு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவேன், இல்லையென்றால் திருப்பிவிடுவேன். சம்பளத்தில் குறை இல்லை. மேனேஜரும் நல்லவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே மனசு கனக்க ஆரம்பித்துவிடுகிறது. 'பிடித்த வேலைக்குப் போ' என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. வீட்டுக் கடனும் இருக்கிறது. உளவியலில் இதற்கு ஏதாவது வழி உண்டா மேடம்? இல்லை, சகித்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதானா?

பதில்: சகித்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். ராஜினாமா செய்யுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். முதலில் ஒரு குற்ற உணர்ச்சியைக் கழற்றி வைத்துவிடலாம். 'எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, எனக்கு மட்டும் என்ன கேடு?' என்ற எண்ணம் உங்கள் கடிதத்தின் அடியில் ஓடுகிறது. ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சம்பளம், மேலதிகாரி, அலுவலக விதிகள் இவையெல்லாம் மோசமாக இருந்தால் எரிச்சல் வரும். சரியாக இருந்தால் அந்த எரிச்சல் போகும், அவ்வளவுதான். மனநிறைவு வருவது வேறு வாசல் வழியாக, செய்கிற வேலைக்குள்ளிருந்து. அவருடைய ஆய்வு முறையைப் பின்னால் வந்தவர்கள் நிறையவே விமர்சித்திருக்கிறார்கள். ஆனாலும் ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் இந்த ஒரு விஷயத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உங்களுக்கு முதல் வாசலில் பிரச்சினை இல்லை, இரண்டாவது வாசல் அடைத்துக் கிடக்கிறது.

'பிடித்ததைத் தேடிப் போ' என்ற அறிவுரை பலரை வாட்டுகிறது. பிடித்தது என்பது எங்கேயோ புதைந்து கிடக்கும் புதையல், நாம்தான் தோண்டவில்லை என்பது போல ஆகிவிடுகிறது. ஏமி ரெஸ்னெஸ்கியும் சக ஆய்வாளர்களும் 1997-ல் வெளியிட்ட ஓர் ஆய்வை நினைத்துப் பாருங்கள். தங்கள் வேலையைச் சிலர் சம்பளத்துக்கான வழியாகப் பார்க்கிறார்கள், சிலர் முன்னேற்றத்துக்கான படியாக, சிலர் தங்களுக்கென்றே வாய்த்த பணியாக. அந்த ஆய்வில் 24 அலுவலக உதவியாளர்கள் இருந்தார்கள். ஒரே பதவி, ஏறக்குறைய ஒரே வேலை. அவர்களும் இந்த மூன்று வகையிலும் கிட்டத்தட்ட சமமாகப் பிரிந்திருந்தார்கள். அப்படியென்றால் அர்த்தம் பதவியின் பெயரில் மட்டும் இல்லை.

அதன் பிறகு ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசினார்கள். ஒரு சாராருக்கு அது தரையைத் துடைக்கும் வேலை. இன்னொரு சாரார் எந்த நோயாளிக்குப் பார்க்க ஆள் வரவில்லை என்று கவனித்து, அந்த அறைக்கு மறுபடி ஒரு நடை போய்வந்தார்கள். நினைவில்லாமல் கிடந்தவர்களின் அறைகளில் சுவரில் மாட்டியிருந்த படங்களை ஒருவர் அவ்வப்போது மாற்றி வைத்தார். அந்த மாற்றம் அவர்களுக்கு ஏதாவது நல்லது செய்யாதா என்ற நப்பாசை. இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. 2001-ல் இருவரும் எழுதிய கட்டுரை இதை, வேலையைத் தானே செதுக்கிக்கொள்வது என்று விளக்கியது. என்ன செய்கிறோம், யாரோடு பழகுகிறோம், அதை எப்படிப் பார்க்கிறோம் என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைக் கொஞ்சம் நகர்த்துவது.

சரி, கிளைம் பிரிவில் எதைச் செதுக்குவது?

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் ஒன்று உண்டு. ஃபைல் இருக்கிறது, பில் இருக்கிறது, சீட்டு இருக்கிறது. மனிதர் யாரும் இல்லை. மருத்துவமனைப் படுக்கையிலிருந்து எழுந்து வந்த ஒருவர் ஒவ்வொரு ஃபைலுக்குப் பின்னாலும் இருக்கிறார். 14 வருடத்தில் அவர்களில் எத்தனை பேரைப் பார்த்திருப்பீர்கள்? ஆடம் கிராண்ட் 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தொடுகிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்காக ஃபோனில் நன்கொடை கேட்பவர்கள், அந்தப் பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரைச் சுமார் 5 நிமிடம் சந்தித்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் ஃபோனில் செலவிட்ட நேரம் 142 சதவீதமும், திரட்டிய பணம் 171 சதவீதமும் கூடியிருந்தன. நான் இதைச் சொல்வது உங்களிடமிருந்து கூடுதல் வேலை வாங்க அல்ல. தன் உழைப்பு யாரிடம் போய்ச் சேர்கிறது என்று ஒரு முகத்தைப் பார்ப்பது அத்தனை வலுவானது என்பதற்காக.

மேனேஜர் நல்லவர் என்கிறீர்களே, அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'மாதத்தில் ஒரு நாள், வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் பிரிவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கட்டுமா? ஃபைல்கள் எங்கே தடுமாறித் திரும்பி வருகின்றன என்று தெரிந்தால் எனக்கு உதவும்.' இது உண்மையும்கூட. அதனால் மறுக்கத் தோன்றாது.

அடுத்தது, நீங்கள் திருப்பி அனுப்பும் கடிதம். இதைத்தான் நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். 'தேவையான ஆவணங்கள் இணைக்கப்படவில்லை' என்று ஒரு வரி போகும், இல்லையா? அதைக் கையில் வாங்குபவரை நினைத்துப் பாருங்கள். தையல் பிரித்து நாலு நாள்கூட ஆகியிருக்காது. எந்த ஆவணம், எங்கே வாங்குவது, யாரைக் கேட்பது, ஒன்றும் புரியாது. அதற்குப் பதிலாக, 'டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாம் பக்கம் மட்டும் இல்லை. மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் கேட்டால் நகல் தருவார்கள். மற்ற எல்லாம் சரியாக இருக்கின்றன' என்று எழுதினால்? 2 நிமிடம் கூடுதலாகும். வாசகத்தை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லையென்றாலும், குறிப்பு எழுதும் கட்டம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். எல்லா ஃபைலுக்கும் வேண்டாம், ஒரு நாளைக்கு மூன்று போதும். எந்த மூன்று என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். அந்த முடிவு உங்களுடையதாக இருப்பதுதான் விசேஷம். எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் பல்லாண்டு ஆய்வில் சொல்வது இதுதான்: தானாகத் தேர்ந்தெடுப்பது, திறமை வளர்வதை உணர்வது, பிறரோடு பிணைப்பு, மூன்றும் மனிதருக்கு அடிப்படைத் தேவைகள். இந்த 2 நிமிடத்தில் மூன்றுமே கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கும்.

அர்த்தம் வேறு, சுவாரசியம் வேறு. நல்ல காரியம்தான் செய்கிறோம் என்று தெரிந்தும் கொட்டாவி வரலாம். மிஹாய் சிக்சென்ட்மிஹாயி ஆராய்ந்த 'ஆழ்ந்துபோகும்' நிலைக்கு, சவாலும் திறமையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சவால் அதிகமானால் பதற்றம், திறமை அதிகமானால் சலிப்பு. உங்களுக்கு 14 வருடத் திறமை, முதல் வருடத்துச் சவால். பிறகு சலிக்காமல் என்ன செய்யும்?

சவாலைக் கூட்டுவது என்றதும் பலர் வேகத்தைக் கூட்டுகிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். இந்த வேலையில் அவசரத்தில் விழும் தவறு இன்னொருவர் தலையில் போய் விடியும். மற்றவர்கள் தள்ளிவிடும் சிக்கலான ஃபைல்களை வாரத்துக்கு இரண்டு கேட்டு வாங்குங்கள். புதிதாகச் சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு பில்லைப் பார்த்ததும் 'இது எங்கேயோ இடிக்கிறதே' என்று உங்களுக்குத் தோன்றுகிறதல்லவா, அது எதனால் என்று வாய்விட்டு விளக்கிப் பாருங்கள். தெரிந்ததாக நினைத்த பலவற்றை அப்போதுதான் உண்மையில் கற்பீர்கள்.

இன்னொன்று, உங்கள் வேலைக்கு முடிவே கிடையாது. இன்று 40 முடித்தால் நாளை காலை மறுபடி 40. தெரேசா அமாபிலியும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேர் எழுதிய ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைப் படித்துக் கண்டது: வேலையில் ஒரு நாளை நல்ல நாளாக்குவதில் முதலிடம், முக்கியமான ஒன்றில் சிறிதளவாவது முன்னேறினோம் என்ற உணர்வுக்குத்தான். குவியல் குறையாத வேலையில் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியாது, நாம்தான் தெரிய வைக்க வேண்டும். ஒரு சின்ன நோட்டு வாங்கி, கிளம்பும் முன் இரண்டு வரி எழுதுங்கள். 'இன்று நன்றாக இருந்தது' என்று எழுதினால் பயனில்லை. 'மதியம் 3 மணி, முழங்கால் அறுவை சிகிச்சை ஃபைல், இரட்டை பில் என்று கண்டுபிடித்தேன்' என்று எழுதுங்கள். மனசு வறண்ட நேரத்தையும் அதே துல்லியத்தோடு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் மூன்றாவதாக ஒரு வரி: திங்கள் காலை முதலில் எதை எடுப்பேன். பாதியில் நிற்கும் வேலைக்கு ஒரு திட்டம் எழுதிவைத்துவிட்டால் அது மனசை அரிப்பது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஞாயிறு சாயங்காலக் கனம் கொஞ்சமாவது இறங்கும்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு ஒரு பயமும் உண்டு. அர்த்தம் தேடுபவரைச் சுரண்டுவது சுலபம். பிடித்துச் செய்பவரிடம் கூலியில்லாக் கூடுதல் வேலை வாங்குவது அவ்வளவு தவறில்லை என்று மக்கள் நினைக்கும் போக்கை 2020-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதனால் இவை எல்லாமே அலுவலக நேரத்துக்குள். ஒரு நாளைக்கு 40 என்பது 60 ஆனால் பிரச்சினை உங்கள் மனப்பான்மையில் இல்லை, பணிச்சுமையில் இருக்கிறது. அதற்கு நோட்டுப் புத்தகம் மருந்தாகாது, மேனேஜரோடு வேறு மாதிரிப் பேச வேண்டும்.

அப்புறம், ஒன்றை நேர்மையாகச் சோதித்துக்கொள்ளுங்கள். வேலையில் மட்டும்தான் வறட்சியா? குழந்தைகள், நண்பர்கள், முன்பு ரசித்த விஷயங்கள் என எதிலுமே ஈடுபாடு இல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மற்றபடி மூன்று மாதம் கொடுங்கள். அதன் பிறகும் நோட்டில் உயிருள்ள வரிகள் சேரவில்லை என்றால், தாராளமாக வேறு வேலை தேடலாம். அப்போது 'எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை' என்று சொல்ல மாட்டீர்கள். எந்த மாதிரி நேரங்களில் நீங்கள் விழித்துக்கொள்கிறீர்கள் என்று 60 நாளுக்கு மேல் கைப்பட எழுதிவைத்திருப்பீர்கள். இன்டர்வியூவில் நீங்களும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்த வேலையின் பலன் யாருக்குப் போகிறது, அவரை நான் பார்க்க முடியுமா?