நெட் போனாலும் வீட்டுக்குள் ஓடும் சாட் ஆப்பைப் பிள்ளைகளுக்குச் செய்ய முடியுமா?

கேள்வி செங்கோட்டையிலிருந்து: சாரல் காலத்தில் நெட் போனாலும் மாடிக்கும் கீழுக்கும் பிள்ளைகள் செய்தி அனுப்ப வேண்டும். முடியும். ரவுட்டருக்குக் கரண்ட் இருந்தால் போதும்.

பழைய லேப்டாப்பில் நோட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு, வெப்சாக்கெட் சர்வர் ஒன்று, அதாவது செய்திகளை உடனுக்குடன் கடத்தும் நிரல், எழுதுங்கள், சின்ன வேலைதான். பிள்ளைகள் பிரவுசரில் திறக்கும் சாட் பக்கத்தையும் அதுவே தரட்டும். அதை 127.0.0.1-இல் (லேப்டாப் தன்னையே குறிக்கும் முகவரி) ஓட்டினால் மற்ற போன்களுக்கு எட்டாது, 0.0.0.0 (எல்லா இணைப்பிலும் கேள் என்று பொருள்), போர்ட் (சர்வரின் வாசல் எண்) 3000 என்று வையுங்கள். லேப்டாப்பின் ஃபயர்வாலிலும் (வெளி இணைப்புகளைத் தடுக்கும் காவல்) அந்தப் போர்ட்டுக்கு அனுமதி வேண்டும். ரவுட்டரில் லேப்டாப்புக்கு 192.168.1.50 போல நிரந்தர முகவரி ஒதுக்குங்கள், பிள்ளைகள் பிரவுசரில் அந்த முகவரியையும் போர்ட்டையும்தான் தட்டுவார்கள். இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறலாம், "ஆப் செத்துப்போச்சு" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

பலரும் சறுக்குமிடம் வேறு. டேப்லெட் கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) இருந்தால் பெரும்பாலும் லேப்டாப்பை எட்டாது. வைஃபையில் நெட் இல்லை என்று கண்டதும் ஆண்ட்ராய்டு போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவலாம், டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

சாட் பக்கத்தில் யுடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) என்று குறித்துவிட்டால் தமிழோடு மலையாளமும் கலந்து தட்டலாம். வாய்ஸ் மெசேஜ் இப்போதைக்கு வேண்டாம்: வெறும் ஹெச்டிடிபி (பூட்டுப் பாதுகாப்பு இல்லாத) பக்கத்துக்கு பிரவுசர் மைக்கைத் தராது. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளி நெட்டிலிருந்து வீட்டு லேப்டாப்புக்கு வழி திறக்கும் அமைப்பு) தொடவே தொடாதீர்கள். திறந்தால் வெளியாட்களும் உள்ளே வரலாம்.