பி.எஸ்சி. இயற்பியல்: மேஜரை மட்டும் ஒழுங்காகப் படித்தால் போதாதா?

"பி.எஸ்சி. இயற்பியலில் சேரப் போகிறேன். அலைடு (துணைப் பாடம்) என்று கணக்கு, வேதியியல், அதோடு தமிழ், ஆங்கிலம், சுற்றுச்சூழல் என்று எதற்கு இத்தனை? மேஜரை, அதாவது இயற்பியலை மட்டும் ஒழுங்காகப் படித்துவிட்டு மற்றதையெல்லாம் பாஸ் மார்க்கில் தள்ளிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தள்ளலாம். நானும் தள்ளினேன். 75-க்கு 30 வாங்கினால் பாஸ். நான் தள்ளியது 27-இல் போய் நின்றது. இத்தனை வருடம் கழித்தும் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கை சும்மா இருக்க மறுக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் நன்றாக வாங்கியவராக இருப்பீர்கள். கருந்துளை, குவாண்டம் காணொளிகளை இரவில் உட்கார்ந்து பார்ப்பவராகவும் இருக்கலாம். இன்ஜினியரிங் வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டு வந்திருந்தால் கூடுதல் மரியாதை. என் ஊகம் தவறென்றால் மன்னியுங்கள், நான் அப்படித்தான் வந்தேன்.

முதலில் கணக்கை முடித்துவிடுகிறேன், அதில் விவாதத்துக்கே இடமில்லை. அலைடு கணக்கு என்பது பெயருக்குத்தான் அலைடு. முதல் செமஸ்டரில் பொருட்பண்புகள் தாளில் முறுக்கு ஊசல் வரும். அதன் அலைவு நேரத்துக்குச் சூத்திரம் வருவிக்க இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடு வேண்டும். எங்களுக்கு அந்தச் சமன்பாட்டை அலைடு கணக்கில் இரண்டாவது செமஸ்டரில்தான் சொல்லித் தந்தார்கள். அதாவது மாட்டுக்கு முன்னால் வண்டி. நாங்கள் சூத்திரத்தை மனப்பாடம் செய்து ஒப்பேற்றினோம். பாடத்திட்டம் போடும் இரண்டு துறைகளும் ஒரு தேநீர் நேரம் உட்கார்ந்து பேசினால் தீர்கிற விஷயம் இது. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் தேர்வின் இயற்பியல் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள், முதல் பகுதியே கணித முறைகள்தான். வெக்டர் நுண்கணிதம் கைவராமல் மின்காந்தவியலின் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைப் படிப்பதும் சுரம் தெரியாமல் கச்சேரிக்கு உட்காருவதும் ஒன்று.

வேதியியல் கதை வேறு. நான் படித்தது 2005-லிருந்து 2008 வரை, தென் மாவட்டத்தில், பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரி. முதலாண்டு அலைடு கணக்கு, இரண்டாமாண்டு அலைடு வேதியியல். எனக்கு அப்போது ஒரு திமிர் இருந்தது. உலகத்தின் அடிப்படை விதிகளைப் படிக்க வந்தவன் ஸ்டார்ச்சுக்கும் செல்லுலோஸுக்கும் என்ன வித்தியாசம் என்று ஏன் எழுத வேண்டும்? வேதியியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒளியியல் கணக்குப் போடுவேன். (வேதியியல்காரர்கள் உடனே சண்டைக்கு வர வேண்டாம். திமிர் என்று நானே சொல்லிவிட்டேன்.)

நான்காவது செமஸ்டர் தேர்வில் அந்த ஸ்டார்ச், செல்லுலோஸ் கேள்வி வந்தது. ஒரு பக்கத்துக்குக் கதை எழுதினேன். 27. எங்கள் வகுப்பில் மேஜர் தாள்களில் முதல் மதிப்பெண் வாங்கியவனுக்கு அலைடில் அரியர்! அம்மாவுக்கு அரியர் என்றால் என்னவென்று விளக்கவே இரண்டு நாள் ஆயிற்று. "பாஸா பெயிலா, அதச் சொல்லு" என்றார்.

மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினேன். அந்த முடிவு வருவதற்குள் நவம்பர் தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசித் தேதி வந்துவிட்டது, அதையும் கட்டினேன். பிறகு வந்த முடிவு: மாற்றமில்லை. நவம்பரில் எழுதி 41 வாங்கிப் பாஸானேன். அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. ரேங்க் பட்டியலுக்கு எல்லாத் தாளையும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும். டிஸ்டிங்ஷனுக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் அதே விதி. மேஜரில் எனக்கு 84 சதவீதம். என்னைவிட இரண்டு சதவீதம் குறைவாக எடுத்த வகுப்புத் தோழிக்குப் பல்கலைக்கழக ரேங்க் கிடைத்தது. அவள் அலைடு வகுப்பில் முதல் பெஞ்ச். எனக்கு அவள் மேல் பொறாமை இல்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், அதனால் எழுதவில்லை.

இதை வெறும் மார்க் கதை என்று ஒதுக்கப் பார்ப்பீர்கள், பாடம் உதவியதா என்று கேட்பீர்கள். அதற்கும் வருகிறேன்.

எம்.எஸ்சி. புராஜெக்டில் எனக்குக் கிடைத்தது படிக வளர்ப்பு. தமிழ்நாட்டு இயற்பியல் துறைகளில் பாதி ஆட்களை நிறுத்திக் கேளுங்கள், எப்போதாவது ஒரு பீக்கரில் படிகம் வளர்த்திருப்பார்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். கரைசல் தயாரித்து, வடிகட்டி, மேலே துளையிட்ட தாளால் மூடி வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். எனக்குக் கொடுத்தது டிரைகிளைசின் சல்பேட். 49 டிகிரி செல்சியஸுக்குக் கீழே மின்புலம் இல்லாமலேயே தானாக முனைவுற்றிருக்கும் பொருள், அகச்சிவப்பு உணர்கருவிகளில் பயன்படுவது. அதன் இயற்பியல் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

கிளைசின் மூன்று பங்கு, கந்தக அமிலம் ஒரு பங்கு என்று குறிப்பில் இருந்தது. நான் தராசில் மூன்றுக்கு ஒன்று என்று நிறுத்துப் போட்டேன். பத்து நாள் கழித்துப் பீக்கரின் அடியில் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வெள்ளைப் படிவு. கைடு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "தம்பி, இது இட்லி மாவு இல்ல. மூணுக்கு ஒண்ணுங்கறது மோல் கணக்கு" என்றார்.

மோல் என்பது எடையல்ல, மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கான அலகு. ஒரு மோல் கிளைசின் சுமார் 75 கிராம், கந்தக அமிலம் 98 கிராம். ஆக 225-க்கு 98, எடையில் பார்த்தால் 2.3-க்கு ஒன்று. அதுவும் பாட்டிலில் இருப்பது சுத்த அமிலமில்லை, செறிவு பார்த்துத் திருத்த வேண்டும். இதெல்லாம் இரண்டாமாண்டு அலைடு வேதியியல் ஆய்வகத்தில், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைப் பியூரெட்டில் ஊற்றி, சூடான ஆக்சாலிக் அமிலத்தோடு டைட்ரேஷன் செய்தபோதே கை பழகியிருக்க வேண்டியது. நான் பக்கத்து டேபிள்காரனின் ரீடிங்கைப் பார்த்து எழுதினேன்.

அதற்காக எல்லாக் கட்டாயப் பாடமும் அமிர்தம் என்று சொல்ல வரவில்லை. சுற்றுச்சூழல் பாடம் 1991-இல் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் சொன்னதன் தொடர்ச்சியாக வந்தது, நோக்கம் நல்லது. எங்களுக்கு அதை நடத்திய விதம், தேர்வுக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றது மட்டும்தான். என்.எஸ்.எஸ்.ஸில் ஏழு நாள் முகாம் போனேன், இயற்பியலுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் பி.எஸ்சி.யில் நினைவிருக்கும் ஏழு நாள் அதுதான். ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று: நான் தமிழ்வழியில் படித்தவன். திசைவேகம், உந்தம், நிலைமத் திருப்புத்திறன் என்று படித்துவிட்டு வந்து, முதல் மாதம், இந்தக் கடைசிச் சொல்லின் ஆங்கிலப் பெயரான "மொமென்ட் ஆஃப் இனர்ஷியா" என்பது புதுப் பாடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் தமிழ்வழி என்றால் ஆங்கிலத் தாளைத் தள்ளாதீர்கள்.

பேச்சு பல்கலைக்கழகத்தைத் தொட்டுவிட்டதால் இதையும் கொட்டிவிடுகிறேன். என் பட்டச் சான்றிதழில் இனிஷியலைத் தப்பாக அடித்துவிட்டார்கள். திருத்துவதற்கு மூன்று முறை பஸ் ஏறினேன். முதல் முறை விண்ணப்பப் படிவம் தீர்ந்துவிட்டது. இரண்டாம் முறை கையெழுத்துப் போடுபவர் விடுப்பு. மூன்றாம் முறை, தப்பு அவர்களுடையதாக இருந்தும் திருத்தக் கட்டணத்தை நான் கட்டினேன். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். வயிற்றெரிச்சல்.

"நீ சொல்வதெல்லாம் பழைய கதை, இப்போது மாறிவிட்டது" என்று யாராவது வருவார்கள். மாறித்தான் இருக்கிறது. பல இடங்களில் அலைடு என்ற பெயர் போய் எலெக்டிவ் வந்திருக்கிறது, 2022-இலிருந்து தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சிகளும் சேர்ந்திருக்கின்றன. தன்னாட்சிக் கல்லூரிகள் பாடத்திட்டத்தைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 கட்டமைப்பு மூன்றாண்டுக்கு 120 கிரெடிட் (பாடங்களுக்கான எடைப் புள்ளி), நான்காண்டுக்கு 160 என்கிறது. தமிழ்நாட்டில் மூன்றாண்டுக்கு 140 என்பதுதான் நான் பார்த்த வழக்கம். எண் எதுவானாலும் ஒரு விஷயம் மாறவில்லை: மேஜரில் நூறு வாங்கினாலும், ஏதோ ஒரு மூலையிலிருக்கும் இரண்டு கிரெடிட் பாடம் நின்றுபோனால் பட்டமும் நிற்கும்.

ஆகவே ஃபீஸ் கட்டும் முன் கல்லூரியின் பாடத்திட்டப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் செமஸ்டரில் எந்த அலைடு, அதற்குச் செய்முறை உண்டா, அகமதிப்பீட்டுக்குத் தனியாகப் பாஸ் மார்க் உண்டா என்று பாருங்கள். பட்டத்தின் பெயரையும் பாருங்கள். வெறும் "இயற்பியல்" என்றிருந்தால் நிம்மதி. கூட ஏதாவது ஒட்டியிருந்தால், அரசு வேலைக்குப் போகும்போது அது இயற்பியலுக்கு இணையா இல்லையா என்று அரசாணை தேட வேண்டியிருக்கும். ரெக்கார்டு நோட்டை அந்தந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

சுற்றுச்சூழல் தேர்வன்று காலையில் மட்டும் தூங்கிவிடாதீர்கள். அப்படித் தூங்கிய ஒருவனின் கதையும் என்னிடம் இருக்கிறது. அவன் இப்போது என் மைத்துனன், அதனால் எழுத முடியாது.