ரேடியேஷனை எந்தச் சாறும் இறக்காது

கேள்வி: என் கணவருக்கு வயது 58, எடை 60 கிலோ. மூன்று வருடத்துக்கு முன் வயிற்றில் நிணநீர்க் கட்டிக்கு ரேடியேஷன் கொடுத்தார்கள். இப்போது பி.பி. 160/100, கிட்னி வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.9, சிறுநீரில் புரதம் போகிறது. ரேடியேஷனால் கிட்னி கெட்டது என்கிறார்கள். வாழைத்தண்டு சாறும் கிட்னி பொடியும் கொடுத்தால் ரேடியேஷன் இறங்கிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

இறங்குவதற்கு உள்ளே எதுவும் இல்லை அம்மா. வெளியிலிருந்து மெஷினில் வைத்த கதிர், மெஷினை நிறுத்தியதோடு முடிந்துபோனது. தங்கியிருப்பது அது போட்ட காயம். சிறுநீரகத்தின் பொடிப்பொடி ரத்தக்குழாய்கள் மெல்லத் தழும்பாகிச் சுருங்குகின்றன. அது வெளியே தெரிய ஆறு மாதமும் ஆகும், சில வருடங்களும் ஆகும். இரண்டு சிறுநீரகமும் வாங்கிய சராசரி அளவு 18 கிரேயை (கிரே என்பது கதிரை அளக்கும் அலகு) தாண்டினால் ஆபத்து ஏறத் தொடங்கும். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியில் கட்டிக்குக் கொடுத்த அளவு இருக்கும், கிட்னி எவ்வளவு வாங்கியது என்பது பெரும்பாலும் இருக்காது. கதிர்ப் பிரிவில் கேட்டு வாங்குங்கள். ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு டிபார்ட்மென்ட்டுக்கு நடுவே நோயாளியின் மனைவிதான் தபால்காரர். இருபது வருடமாகப் பார்த்து அலுத்துவிட்டேன்.

சாப்பாட்டில் முதல் வேலை உப்பு. இந்தக் காயத்தை வேகமாக்குவது பி.பி. நாள் முழுக்க எல்லாவற்றிலும் சேர்த்து ஐந்து கிராம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள். சமையலில் குறைத்துவிட்டு, தட்டோரத்தில் மோர்மிளகாயும் அப்பளமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்தால் கணக்கு உதைக்கும்.

உடனே கடைக்காரர் இந்துப்பை நீட்டுவார். அதுவும் சோடியம்தான், நிறம்தான் வேறு. அதைவிட மோசம் 'லோ சோடியம்' உப்பு. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். புரதம் ஒழுகுவதற்கு உங்கள் டாக்டர் எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி மாத்திரை கொடுத்திருப்பார். கதிர் பாதித்த கிட்னிக்கு நல்ல மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். மாத்திரை ஒரு பக்கம், அந்த உப்பு ஒரு பக்கம், காலையில் ஒரு டம்ளர் வாழைத்தண்டு சாறு வேறு என்று சேர்ந்தால் இதயத்துடிப்பே தடுமாறும். வாழைத்தண்டு கல்லுக்குப் பேர்போனது. உங்கள் கணவருக்கு இருப்பது கல் இல்லை.

பொடி விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? 'எல்லாம் மூலிகை' என்பார். சில பஸ்பங்களில் ஈயமும் பாதரசமும் இருந்து, அதனாலேயே கிட்னி போனவர்கள் உண்டு. பக்கவிளைவு இல்லை என்று சத்தியம் செய்பவர் டயாலிசிஸ் அறைக்கு வெளியே வந்து நிற்கமாட்டார்.

அப்புறம் புரதம். கிலோ எடைக்கு 0.8 கிராம், ஆக அவருக்கு ஒரு நாளைக்கு 48 கிராம் போதும். எலும்பில்லாத கால் கிலோ கோழிக்கறியிலேயே அது தீர்ந்துவிடும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். முட்டை, பால், பருப்பு எல்லாம் அளவாகச் சாப்பிடலாம். புரோட்டீன் பவுடர் வேண்டாம்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்கிறேன். அவர் மெலிந்துகொண்டே போகிறார், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, பாதித் தட்டு மிச்சம் வைக்கிறார் என்றால் இந்தப் புரதக் கணக்கை மூட்டை கட்டிவையுங்கள். புற்றுநோய் பார்த்த உடம்பு. கிட்னியைக் காப்பாற்றுகிறேன் என்று கஞ்சியும் ரசமுமாகக் கொடுத்து, ஆளையே எலும்பாக்கிக் கூட்டி வருகிறார்கள். பருப்பு தொடாதே, பழம் தொடாதே என்று எல்லோருக்கும் ஒரே ஜெராக்ஸ் தாளை நீட்டுகிற ஆஸ்பத்திரிகளைத்தான் இதற்குக் குற்றம் சொல்வேன். எடை குறைந்தால் தாளைப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பாருங்கள்.

கீரை, இளநீர், வாழைப்பழம் பற்றிப் பொட்டாசியம் ரிப்போர்ட் வந்தபின் முடிவு செய்யலாம். மாத்திரை தொடங்கிய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அந்த டெஸ்ட்டும் கிரியேட்டினினும் எடுத்தாக வேண்டும். எழுதித் தரவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். போகும்போது டாக்டரிடம் காட்ட வீட்டு உப்புப் பாக்கெட்டையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.