எதைப் படித்தாலும் சரியாகவே தோன்றுகிறதே?

கேள்வி: எந்தக் கட்டுரையைப் படித்தாலும் சொல்வது சரியென்றே படுகிறது. அதற்கு நேர்மாறாக எழுதியதைப் படித்தால் அதுவும் சரியாகத் தெரிகிறது. வேக வாசிப்புப் பயிற்சியில் சேரலாமா?

பதில்: சேராதீர்கள். இப்போதே தேவைக்கு மேல் வேகமாகத்தான் படிக்கிறீர்கள். வேகம் கூடினால் புரிதல் குறையும் என்று வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரேனர் குழுவினரின் 2016ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு தெளிவாகவே காட்டியிருக்கிறது. ஆனாலும் 'ஒரு மணி நேரத்தில் ஒரு புத்தகம்' என்று சொல்லிக் காசு பறிப்பவர்கள் ஓயவில்லை.

ஒரே ஒரு பத்தியை எடுங்கள். முதலில் பென்சிலைத் தொடாமல் படித்து, தாளை மூடிவிட்டு, அது சொல்வதைச் சொந்தச் சொற்களில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். பலர் தலைப்பையே திருப்பி எழுதிவிடுவார்கள். அது எதைப் பற்றியது என்பதைத்தான் காட்டும். என்ன சொல்கிறது என்பதைக் காட்டாது.

அடுத்து பென்சிலோடு படியுங்கள். 'எனவே', 'ஆகவே' வரும் இடத்தில் கோடிடுங்கள். முன்னால் இருப்பது காரணம், பின்னால் இருப்பது முடிவு. காரணத்தை ஒப்புக்கொண்டே முடிவை மறுக்க முடிகிறதா? முடிந்தால், நடுவில் எதையோ சொல்லாமல் தாண்டியிருக்கிறார்கள். "புதிய பாடத்திட்டத்துக்குப் பின் தேர்ச்சி கூடியது, எனவே பாடத்திட்டம் நல்லது" என்பதில், வினாத்தாள் எளிதாகிவிடவில்லை என்பது சொல்லாமல் விட்டது. அதை ஓரத்தில் எழுதுங்கள். எதிரெதிர்க் கட்டுரைகள் இரண்டிலும் காரணங்கள் உண்மையாகவே இருக்கலாம். அவை மோதுவது பெரும்பாலும் இந்த ஓரக்குறிப்பில்தான்.

'கருதப்படுகிறது' என்றால் கருதுவது யார்? 'இரு மடங்கு' என்றால் எதிலிருந்து? 1 என்பது 2 ஆனாலும் இரு மடங்குதான்.

கதைக்கும் கவிதைக்கும் இந்த முறை அப்படியே பொருந்தாது. கதை சொல்பவன் எழுத்தாளர் அல்ல. அவன் பொய் சொல்லலாம், தெரியாமல் உளறலாம், தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம். 'இது உண்மையா' என்று கேட்காமல், 'இவன் ஏன் இதை இப்படிச் சொல்கிறான், எதை மறைக்கிறான்' என்று கேளுங்கள். கட்டுரையாசிரியர் நடுவே ஒரு கதையைச் சொன்னாலோ பழைய கேள்விக்கே திரும்புங்கள். அங்கே கதை சான்றாக வந்து நிற்கிறது.

சுருக்கக் குறிப்புகளை மட்டும் தொடாதீர்கள். சுருக்கும்போது முதலில் உதிர்வது 'பெரும்பாலும்', 'சில வேளைகளில்' போன்ற சொற்கள். மூலத்தில் தயங்கிச் சொன்னது குறிப்பில் அடித்துச் சொன்னதாகிவிடும். 'ஆசிரியர் கூறுவது யாது?' என்று மட்டுமே கேட்டு மதிப்பெண் போடும் தேர்வுமுறை இருக்கும்வரை குறிப்பு விற்பவர்களுக்குக் குறைவில்லை. 'அவருக்கு எப்படித் தெரியும்?' என்று ஒரு வினாத்தாளாவது கேட்கக் கூடாதா?