எங்கோ ஒரு பண்ணையில் கோமாரி வந்தால், நாட்டின் இறைச்சி ஏற்றுமதியே ஏன் நிற்கிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதிக் கறிக்கடையில், புரட்டாசி முடிந்த வார வரிசையிலும் இதே கேள்வி எழுந்தது. கோமாரி கண்ட மாட்டின் கறியைத் தின்பவருக்கு ஆபத்தில்லை. வாங்கும் நாடு அஞ்சுவது தன் மாடுகளுக்காக. எலும்பிலும் நிணநீர்க் கணுக்களிலும் ஒளிந்து அந்த வைரஸ் கடல் தாண்டிவிடும். 2019 ஜனவரியில் லிம்போபோ மாகாணத்தில் நோய் தென்பட்டதும், தென்னாப்பிரிக்காவின் ‘கோமாரியற்ற மண்டலம்’ என்ற தகுதி பறிபோனது. தடை ஒரே நாளில் விழும். நீங்குவதற்கு மாதங்கள், சில வேளை ஆண்டுகள்.

தென்னாப்பிரிக்கர்களாகிய நாமும் சும்மா இருப்பதில்லை. 2025 மே மாதம் பிரேசில் பண்ணை ஒன்றில் பறவைக் காய்ச்சல் வந்ததும் கோழி இறக்குமதியை நிறுத்தினோம். பிள்ளைகளின் ரொட்டிக்குள் வைக்கும் பொலோனி என்ற இறைச்சித் துண்டுக்கு அரைத்த கோழிக்கூழ் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது!

கப்பல் தாமதம் வேறு வகைத் தலைவலி. 2023 இறுதியில் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நாள்கணக்கில் நங்கூரமிட்டுக் கிடந்தன. உறைய வைத்த இறைச்சி பொறுத்துக்கொள்ளும், செலவுதான் ஏறும். உறையாமல் குளிரில் மட்டும் வைத்த கறிக்கோ சில வாரங்களே ஆயுள். கடலில் போன நாள் கடையில் விற்கும் நாளிலிருந்து கழியும். நடுக்கடலில் இருக்கும்போது தடை விழுந்தால், மாட்டை வெட்டிய தேதியைப் பார்த்தே பெரும்பாலும் சரக்குப் பெட்டியை இறக்கவிடுவார்கள் அல்லது திருப்பி அனுப்புவார்கள்.